மணி ஒலிக்காதபோது: அமெரிக்க லெவல் கிராசிங்குகளில் தானியங்கி எச்சரிக்கையின் தொடக்க வரலாறு

ரயில்தடமும் சாலையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியவர் சாலையில் வருகிறவர்தான். ஓடிவரும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே லெவல் கிராசிங் பாதுகாப்பு என்பது தொடக்கம் முதலே ஒரு செய்தியை உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் வேலையாக இருந்துவந்திருக்கிறது: ரயில் வருகிறது, நில். அந்தச் செய்தியைச் சொல்ல முதலில் மனிதர்கள் நின்றார்கள். பிறகு மணி, ஆடும் தகடு, மினுங்கும் விளக்கு, தானே இறங்கும் தடுப்பு எனக் கருவிகள் வந்தன. ஏறத்தாழ 1870 முதல் 1940 வரை அமெரிக்காவில் நடந்த இந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு செல்ல விரும்புகிறேன். கருவி பழுதாகும்போது சாலையில் வருகிறவருக்கு அது என்ன சொல்கிறது? ரயில் ஓட்டுநருக்கான சிக்னல் துறை இதற்கு 1872இலேயே தெளிவான விடை கண்டுவிட்டது. அதே விடை சாலைப்பக்கம் முழுமையாக வந்துசேர இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது என்பது என் முடிவு.

கொடி பிடித்த மனிதர்

பிரிட்டனில் 1839, 1845 ஆண்டுகளின் சட்டங்கள் பொதுச்சாலையைக் கடக்கும் ரயில் கம்பெனிகள் கேட் அமைத்து அதற்கு ஆள் வைக்க வேண்டும் என்று விதித்தன. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தூரம் அதிகம், மக்கள்தொகை குறைவு, கம்பெனிகளின் கையிருப்பும் குறைவு. பாலம் கட்டுவதை விடுங்கள், கேட் போடுவதே பெருஞ்செலவாகத் தெரிந்தது. பெரும்பாலான கடவுகளில் ஒரு மரப்பலகை மட்டும் நின்றது. எஞ்சினின் மணியும் ஊதலும்தான் மற்ற எச்சரிக்கை. தானியங்கிக் கருவி பிரிட்டனில் பிறக்காமல் அமெரிக்காவில் பிறந்ததற்கு முதற்காரணம் இந்த வேறுபாடே. கேட்டும் கேட்காரரும் இருந்த நாட்டில் அதன் தேவை நெடுங்காலம் உணரப்படவில்லை.

ஊருக்குள் இருந்த நெரிசலான கடவுகளில் மட்டும் காவலர் ஒருவரை நிறுத்தினார்கள். பகலில் கொடியோ வட்டத் தகடோ, இரவில் சிவப்புக் கண்ணாடி போட்ட லாந்தர். ரயில் வரும்போது சாலை நடுவே வந்து லாந்தரை இடவலமாக வீசி ஆட்டுவார். வேலையில் கையையோ காலையோ இழந்த ரயில்வே தொழிலாளிகளுக்கு இந்தப் பணியைக் கொடுப்பது பரவலான வழக்கமாக இருந்தது. இழப்பீட்டுச் சட்டங்கள் வராத காலத்தில் அதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம். 1867 ஆகஸ்ட் 27இல் பாஸ்டனைச் சேர்ந்த நேசன், வில்சன் என்ற இருவர் கடவுக்கான கேட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் காற்றழுத்தத்தால் ஏறி இறங்கும் கேட்டுகளும் வந்தன. பக்கத்துக் கோபுரத்தில் உட்கார்ந்த காவலர் கைப்பம்பை இயக்கினால் தடுப்பு இறங்கும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு மனிதரின் கண்ணும் விழிப்பும் வேண்டியிருந்தது. இரவுக் காவலுக்கு ஆள் போடாத கடவுகள் ஏராளம்.

சட்டம் இருதரப்புக்கும் கடமை விதித்தது. 1877இல் காண்டினென்டல் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதலில் கடக்கும் உரிமை ரயிலுக்கே என்றது. கூடவே, ரயில் தன் வருகையை உரிய முறையில் அறிவிக்க வேண்டும், சாலையில் வருகிறவர் பார்த்தும் கேட்டும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அறிவிப்பு சட்டக் கடமையானதும் அதை மலிவாகவும் தவறாமலும் செய்யும் கருவிக்குச் சந்தை உருவாகிவிட்டது.

கின்ஸுவாவில் ஒரு மின்சுற்று

முதல் தலைமுறைக் கருவிகள் சக்கரத்தையே ஆளாக்கின. தண்டவாளத்தை ஒட்டி ஒரு நெம்புகோல் இருக்கும். சக்கரம் அதை அழுத்தியதும் மின்தொடர்பு ஏற்பட்டு, கம்பி வழியே கடவில் உள்ள மணி ஒலிக்கும். ரயில் கடவைத் தாண்டியபின் இன்னொரு நெம்புகோல் மணியை நிறுத்தும். கம்பளி ஆலைத் தொழிலிலிருந்து விலகி ரயில் பாதுகாப்பில் இறங்கிய தாமஸ் சீவி ஹால் இவ்வகை மின் சிக்னல்களைத் தூக்குப்பாலங்களுக்கும் கடவுகளுக்கும் கொண்டுவந்த முன்னோடி.

இந்த அமைப்பின் ஊனம் அதன் கட்டுமானத்திலேயே இருந்தது. மின்சாரம் ஓடினால்தான் எச்சரிக்கை. கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், நெம்புகோல் பனியில் உறைந்தாலும் மணி வாய் திறக்காது. ரயில் வராதபோதும் மணி மௌனம், கருவி செத்துப்போனபோதும் மௌனம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் படித்த வில்லியம் ராபின்சன். 1870இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் கண்காட்சியில் தன் சிக்னலின் மாதிரியை வைத்தார். அதே காலத்தில் பென்சில்வேனியாவின் கின்ஸுவாவில், ஃபிலடெல்ஃபியா அண்டு ஈரி ரயில்பாதையில் அதை நிறுவியும் பார்த்தார். அதுவும் சக்கரம் நெம்புகோலை அழுத்தும் திறந்த சுற்றுதான். அதன் குறைகளை அவரே கண்டுகொண்டார். ரயிலிலிருந்து கழன்ற பெட்டி ஒன்று தடத்தில் நின்றுவிட்டாலும் முன்னே சென்ற எஞ்சின் சிக்னலைச் 'செல்' என்று மாற்றிவிட்டுப் போகும். ராபின்சன் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். 1872 ஆகஸ்ட் 20 தேதியிட்ட 1,30,661ஆம் எண் காப்புரிமை அந்தத் திருப்பத்தின் ஆவணம்.  

மூடிய தடச்சுற்று எனப்படும் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தண்டவாளத்தின் ஒரு நீளத்தை இருமுனைகளிலும் மின்காப்பு இணைப்பால் பிரித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் துண்டுகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் மின்சாரம் தடைபடாதிருக்கக் கம்பியால் பிணைப்பார்கள். ஒரு முனையில் மின்கலத்தின் இரு துருவங்களையும் இரண்டு தண்டவாளங்களோடு இணைப்பார்கள். அந்தக் காலத்தில் இது பெரும்பாலும் செம்பு, துத்தநாகத் தகடுகளை மயில்துத்தக் கரைசலில் வைத்த கண்ணாடி ஜாடிதான். மறுமுனையில் ஒரு ரிலே. தடம் காலியாக இருக்கும்வரை மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் ரிலேயின் சுருள் வழியே மறு தண்டவாளத்தில் திரும்பும். அந்தச் சிறு மின்னோட்டம் ரிலேயின் இரும்பு நாக்கைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் திரும்பிவிட, ரிலேக்குப் போவது நின்று நாக்கு கீழே விழும். அது விழுவதே சைகை.

கவனிக்க வேண்டியது அடுத்தது. மின்கலம் தீர்ந்தாலும் நாக்கு விழும். பிணைப்புக் கம்பி அறுந்தாலும் விழும். பல வேளைகளில் தண்டவாளம் உடைந்தாலும் விழும். ரயில் தடத்தில் இருக்கிறது என்பதும் ஏதோ பழுது என்பதும் ஒரே எச்சரிக்கையாக வெளிப்படும். ரயில்வே பாதுகாப்பில் இதற்கு நிகரான ஒற்றைக் கண்டுபிடிப்பு அரிது என்று அமெரிக்க அரசின் சிக்னல் ஆய்வுக் குழுவே பிற்பாடு பாராட்டியது. அந்தப் பாராட்டில் மிகை இல்லை. இன்றைய ரயில் சிக்னல்களில் பலவும் அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன. ராபின்சனின் உரிமைகள் 1881இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் கம்பெனியின் கைக்குப் போயின.

பாதிவழியில் நின்ற பாதுகாப்பு

தடச்சுற்று கடவு மணிக்கு வந்தபோது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. ஒற்றைத் தடத்தில் ரயில் இரு திசைகளிலிருந்தும் வரும். கடவை நெருங்கும்போது மணி ஒலிக்க வேண்டும், தாண்டிப் போகும்போது ஒலிக்கக் கூடாது. தடச்சுற்றுக்கோ தடத்தில் ரயில் இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும், அது வருகிறதா போகிறதா என்று தெரியாது. இதற்குக் கண்ட தீர்வு, ஒரே பெட்டிக்குள் எதிரெதிராக வைத்த இரட்டை ரிலே. கடவின் இருபுறத் தடங்களுக்கும் ஒவ்வொரு சுருள். முதலில் விழும் நாக்கு முழுதாக விழுந்து மணியை அடிக்கும். விழுந்த நிலையில் அது ஒரு சிறு கொக்கியால் அடுத்த நாக்கைப் பாதியிலேயே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ரயில் மறுபுறம் நகர்ந்ததும் முதல் நாக்கு ஏறிவிடும், இரண்டாவது பாதியில் தொங்குவதால் மணி நின்றுவிடும். எந்த நாக்கு முதலில் விழுந்தது என்பதே திசையைச் சொல்லிவிடுகிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில், இரண்டு இரும்புத் துண்டுகளையும் புவியீர்ப்பையும் வைத்து நினைவாற்றலைக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகும் ஓர் ஓட்டை அப்படியே இருந்தது. தடச்சுற்று பழுதானால் ரிலே விழும், மணி ஒலிக்கும், சரி. ஆனால் மணியை அடிப்பது வேறொரு மின்கலம். அது தீர்ந்தால், மணியின் சுருள் எரிந்தால், மணிக்குப் போகும் கம்பி அறுந்தால்? மௌனம். இன்னும் மோசமாக, தண்டவாளம் உடைந்து மணி இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தால் அதுவே மணியின் மின்கலத்தைக் கரைத்துவிடும். பாதுகாப்புப் பக்கம் தவறிய கருவி சில மணி நேரத்தில் ஆபத்துப் பக்கம் தவறிவிடும். ரயில் ஓட்டுநருக்கான சிக்னலில், விளக்கு அணைந்திருந்தால் அதையே 'நில்' என்று கொள்ள அவருக்குப் பயிற்சி உண்டு. சாலையில் வரும் குடியானவருக்கோ வண்டிக்காரருக்கோ அப்படிப் பயிற்சி கிடையாது. அவருக்கு மணி ஒலிக்கவில்லை என்றால் ரயில் இல்லை என்றுதான் பொருள். மூடிய சுற்றின் தத்துவம் ரிலேயோடு நின்றுவிட்டது. சாலையை நோக்கிய முகம் பழைய திறந்த சுற்றாகவே இருந்தது.

மோட்டார் காரும் ஆடும் தகடும்

குதிரை வண்டிக் காலத்தில் மணியோசை ஓரளவு போதுமானதாக இருந்தது. 1900இல் அமெரிக்காவில் பதிவான மோட்டார் வாகனங்கள் 8,000. 1910இல் சுமார் 4.7 லட்சம், 1920இல் 92 லட்சம், 1930இல் 2.67 கோடி. எஞ்சின் இரைச்சலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவருக்குச் சாலையோர மணி கேட்காது. எச்சரிக்கை காதிலிருந்து கண்ணுக்கு மாற வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் கடவு விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

கண்ணுக்கான முதல் வெற்றிகரமான விடை தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. பசிபிக் எலெக்ட்ரிக் ரயில்வேயின் பொறியாளர் ஆல்பர்ட் ஹன்ட் 1909இல் 'விக்வாக்' என்று பின்னர் பெயர்பெற்ற சிக்னலை வடிவமைத்தார். நகரங்களை இணைத்த அந்த மின்சார ரயில்களுக்குக் கடவுகள் மிக அதிகம். லாஸ் ஏஞ்சலிஸில் மேக்னெட்டிக் சிக்னல் கம்பெனி இதை 'மேக்னெட்டிக் ஃப்ளாக்மேன்', அதாவது காந்தக் கொடிக்காரர், என்ற பெயரில் தயாரித்து விற்றது. எதை இந்தக் கருவி ஈடுசெய்ய வந்தது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது.

அமைப்பு எளிமையானது. ஒரு கம்பத்தின் மேல் இரும்புப் பெட்டி. அதற்குள் இருபுறமும் மின்காந்தங்கள், நடுவே ஓர் இரும்பு ஆர்மேச்சர். அதோடு பிணைத்த கையின் முனையில் சிவப்பு வண்ணம் பூசிய வட்டத் தகடு, தகட்டின் நடுவில் சிவப்பு விளக்கு. ரயில் நெருங்கியதும் காந்தங்கள் மாறிமாறி இழுக்க, தகடு ஊசல்போல் இடவலமாக ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மணி ஒன்று அடிக்கும். லாந்தரை வீசி ஆட்டிய காவலரின் கை அசைவு அப்படியே எஃகில் வார்க்கப்பட்டுவிட்டது. மின்சார ரயில் தடங்களில் தண்டவாளமே இழுவை மின்சாரம் திரும்பும் பாதை என்பதால் சாதாரண நேர்மின் தடச்சுற்று அங்கே செல்லாது. ஆகவே மேலே செல்லும் மின்கம்பியில் தொடுகருவிகளைப் பொருத்தி விக்வாக்கை இயக்கினார்கள். நீராவி ரயில் கம்பெனிகள் குறைந்த மின்னழுத்த மின்கலமும் தடச்சுற்றும் வைத்து அதையே வாங்கிக்கொண்டன.

நான் தொடரும் கேள்விக்கு விக்வாக் வரலாற்றில் முக்கியமான ஓர் அத்தியாயம் உண்டு. சாதாரண விக்வாக் மின்சாரம் இல்லாவிட்டால் நேராகத் தொங்கும், அசையாது. ரயில் வராதபோதும் அதே நிலைதான். மணியின் குறை கண்ணுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இதை மாற்றியது மூன்று நிலை விக்வாக். அதில் கடவு பாதுகாப்பாக இருக்கும்போது மின்சாரமே தகட்டை ஒருபக்கமாக இழுத்து ஒரு மறைப்புக்குப் பின்னால் பிடித்துவைத்திருக்கும். ரயில் வந்தால் தகடு வெளிவந்து ஆடும். மின்சாரம் போனால் பிடி விட்டுப்போய்த் தகடு நடுவில் வந்து அசையாமல் தொங்கும். கருவி பழுது, நீயே பார்த்துக் கடந்துகொள் என்று அது சாலைக்காரரிடம் சொல்லிவிடும். பரவலாகப் பேசப்படாத இந்த வகையை நான் ராபின்சனின் நேர் வாரிசாகக் கருதுகிறேன். ரிலேயோடு நின்ற மூடிய சுற்று முதன்முறையாகச் சாலைக்காரரின் கண்வரை நீண்டது இங்கேதான்.

விளக்குகளும் தடுப்பும்

மாறிமாறி மினுங்கும் இரு சிவப்பு விளக்குகள் 1913இல் நியூஜெர்சியில், செவாரென் அருகே, முதலில் அமைக்கப்பட்டதாக அறியப்படுகிறது. குறுக்காக வைத்த இரண்டு விளக்குகளில் ஒன்று அணைய மற்றது எரியும்போது ஒரே ஒளி இடவலமாகத் தாவுவதுபோல் தெரியும். அதுவும் காவலரின் லாந்தர்தான். அசையும் உறுப்புகள் குறைவு, பனிக்கும் காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 1920களில் மின்கலங்களைத் தொடர்ந்து மின்னேற்றும் வசதி வந்ததும் விளக்குகளே முந்தின. 1949க்குப் பிறகு புதிதாக விக்வாக் நிறுவ விதிகள் இடம்தரவில்லை.

வேறு முயற்சிகளும் நடந்தன. மின்னியாபொலிஸின் கிரிஸ்வோல்ட் கம்பெனி, ரயில் வரும்போது சாலையை நோக்கித் திரும்பும் 'நில்' பலகையை விளக்குகளோடு சேர்த்தது. பால்டிமோரில் சார்லஸ் ஆட்லர் 1920களில், கடவுக்கு முன் சாலையில் பதித்த காந்தம் காரின் வேகத்தைத் தானே குறைக்கும் கருவி ஒன்றைச் சோதித்தார். ஒவ்வொரு காரிலும் அதற்கான துணைக்கருவி பொருத்த வேண்டியிருந்ததால் அது எங்கும் பரவவில்லை.

1930களின் நடுவில் வந்த குட்டைக்கை தானியங்கிக் கேட் முக்கியமானது. சாலையின் பாதியை மட்டும் மறிப்பதால் உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி வெளியேற வழி உண்டு. அதன் கையை மேலே தூக்கிப் பிடித்திருப்பது மின்சாரம், கீழே இறக்குவது அதன் சொந்த எடை. மின்சாரம் போனால் கேட் தானே மூடிக்கொள்ளும். மணி, தகடு, விளக்கு மூன்றும் முழுதாகச் செய்ய முடியாததை இந்தக் கை செய்தது. கருவியின் தோல்வியே தடுப்பாக மாறியது.

யார் பொறுப்பு?

கருவிகள் பரவிய வேகத்தை நீதிமன்றங்களும் நிர்ணயித்தன. 1927இல் குட்மன் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ், தடம் சரியாகத் தெரியாவிட்டால் கார் ஓட்டுநர் தேவைப்பட்டால் வண்டியைவிட்டு இறங்கியும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். முழுச் சுமையும் சாலைப்பக்கம் சாய்ந்தது. ஏழு ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டது. இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஐஸ் ஏற்ற லாரியில் வந்த போகோரா என்பவர் கடவில் நின்று பார்த்தார், காதுகொடுத்தும் கேட்டார். அருகிலிருந்த பக்கத்தடத்தில் நின்ற சரக்குப் பெட்டிகள் பார்வையை மறைத்தன. மெல்ல நகர்த்திப் பிரதான தடத்தை அடைந்தபோது ரயில் மோதியது. 1934இல் நீதிபதி கார்டோசோ, இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறி வண்டியை எடுப்பதற்குள் ரயில் வந்துவிடக்கூடும், இறங்குவதே ஆபத்தாகவும் முடியலாம் என்று விளக்கி ஹோம்ஸின் விதியைச் சுருக்கினார். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது, ஒரு மனிதரின் புலன்களால் இவ்வளவுதான் முடியும் என்பதை நீதிமன்றம் உண்மையாகவே எண்ணிப் பார்த்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு டென்னசி மாநிலத்து வால்டர்ஸ் வழக்கில் நீதிபதி பிராண்டைஸ் செலவுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். சாலைகளை நெடுஞ்சாலைகளாக்கியது மோட்டார் போக்குவரத்து, அதற்கான பாலத்தின் பாதிச் செலவை ரயில் கம்பெனி தலையில் கட்டுவது இனியும் நியாயமா என்று அவர் தீர்ப்பு கேட்டது. அதே 1935இல் கடவு அபாயங்களை நீக்க மத்திய அரசு 20 கோடி டாலர் ஒதுக்கியது. ரயில் கம்பெனியின் தனிக் கடமையாக இருந்த எச்சரிக்கை அன்றுமுதல் பொதுப்பணமும் சேரும் காரியமாயிற்று.

இருபது விநாடிகள்

ஒரு பிரச்சினை மட்டும் தீராமல் நீண்டது. தடச்சுற்றின் நீளம் நிலையானது. மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 20 விநாடி முன்னதாக எச்சரிக்கை தர வேண்டுமானால் சுற்று கடவிலிருந்து சுமார் 535 மீட்டருக்கு அப்பால் தொடங்க வேண்டும். அதே இடத்தில் 24 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துவரும் சரக்கு ரயிலுக்கு எச்சரிக்கை 80 விநாடி நீளும். அது வழியில் நின்றுவிட்டால் எல்லையே இல்லை. இப்படிப் பல நாள் காத்து ரயிலைக் காணாத ஓட்டுநர் ஒருநாள் சிக்னலைத் தாண்டிப் போய்விடுகிறார். 1960களில் சதர்ன் பசிபிக் ரயில்வேயும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனமும் இணைந்து, நெருங்கும் ரயிலின் வேகத்தைத் தண்டவாளம் வழியாகவே கணித்து எச்சரிக்கை நேரத்தைச் சீராக்கும் கருவியை உருவாக்கின.

கேட்டையும் கேட்காரரையும் நெடுங்காலம் நம்பியிருந்த பிரிட்டனிலும் எச்சரிக்கை நேரம் சிக்கலாயிற்று. அந்நாடு தானியங்கிப் பாதித்தடுப்பை ஏற்றது 1961 பிப்ரவரியில், ஸ்டாஃபர்ட்ஷயரின் ஸ்பாத் என்ற இடத்தில். ஏழு ஆண்டுகள் கழித்து, 1968 ஜனவரி 6 அன்று, அதே மாவட்டத்தின் ஹிக்ஸன் கடவில் 120 டன் மின்மாற்றியை ஏற்றிய நீண்ட வாகனம் மெல்லக் கடந்துகொண்டிருந்தது. கருவி வடிவமைத்தபடியே 24 விநாடி முன்னதாக எச்சரித்தது. வாகனம் தடத்தைவிட்டு வெளியேற அந்த நேரம் போதவில்லை. விரைவு ரயில் மோதி 11 பேர் இறந்தனர். கடவில் தொலைபேசி இருந்தும் வாகனத்தை நடத்திச் சென்றவர்கள் அதில் முன்கூட்டிக் கேட்கவில்லை. ரயில் வருவதைச் சாலைக்குச் சொல்லும் சுற்று அங்கே முழுமையாக வேலை செய்தது. கடவில் வண்டி இருப்பதை ரயிலுக்குச் சொல்லும் சுற்று அந்தக் கடவில் அமைக்கப்பட்டிருக்கவில்லை.